வேண்டாமென்று சொன்னவர்கள்

மார்க்கெட் வாசலில் லாரியிலிருந்து வாழைத்தார் இறக்கிக்கொண்டிருந்த ஒருவர், பக்கத்துக் கடையில் அமலோற்பவம் “பூ இருக்கா?” என்று கேட்ட குரல் காதில் விழுந்ததும் தாரை அப்படியே கீழே வைத்துவிட்டு ஓடிவந்தார்.

“நர்சம்மா! நீங்கதான? நான் கந்தையா. தொண்டையில கட்டின்னு வந்தேம்லா?”

அவரை அவள் பார்த்ததே இல்லை.

“தெனம் காலையில கூப்பிட்டு, கஞ்சி குடிச்சியளா, எச்சி முழுங்க முடியுதான்னு கேப்பிய. எம்பொஞ்சாதிகூட அப்படிக் கேட்டதில்ல. முப்பத்தஞ்சு நாளு கரண்டு வச்சு முடிச்சிட்டேன். இப்பம் பாருங்க, தார் தூக்குதேன்.”

“நல்லா இருங்க. தண்ணி நெறையக் குடிங்க” என்றாள் அமலோற்பவம்.

இரண்டு வருடமாக இப்படித்தான். பஸ்ஸில், மாதா கோயிலில், ரேஷன் கடை வரிசையில் யாராவது அவள் குரலை அடையாளம் கண்டு வந்து கையைப் பிடித்துக்கொள்வார்கள். அவர்களோடு அவள் ஒரு வார்த்தையும் பேசியதில்லை. பேசியது அவள் குரல் மட்டும்.

கடற்கரையை ஒட்டிய மூன்று மாவட்டங்களுக்கும் சேர்த்து ஒரே புற்றுநோய் நிலையம். அதில், ஜனங்கள் ‘கரண்டு’ என்று சொல்கிற கதிர்வீச்சுக்கு இயந்திரம் ஒன்றே ஒன்று. அமலோற்பவம் அங்கே ஒருங்கிணைப்புச் செவிலியராகச் சேர்ந்த காலத்தில், சதை எடுத்துப் பார்ப்பது ஓர் ஊரில், ஸ்கேன் இன்னோர் ஊரில், ஆபரேஷன் மூன்றாவது ஊரில் என்று இருந்தது. ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு அலைகிறவர்களில் பத்துக்கு நாலு பேர் பாதியில் காணாமல் போவார்கள். ஒரு நோட்டையும் போனையும் வைத்துக்கொண்டு அவள் ஏழு வருடம் அவர்களைத் துரத்தினாள். போன் எடுக்காதவர்களைத் தேடி உப்பளத்துக்கும் மீன் ஏலக்கூடத்துக்கும் பஸ் ஏறிப் போனாள். கல்யாணம் செய்துகொள்ளாததற்கு அதைக் காரணமாகச் சொல்லவும் பழகியிருந்தாள்.

அப்போதுதான் ‘துணை’ வந்தது. ஆஸ்பத்திரிகள், ரத்தப் பரிசோதனைக்கூடங்கள், ஊர் ஊராகப் போய் நோயாளிகளை ஏற்றிவரும் வேன்கள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி மேய்க்கிற மென்பொருள். யார் எந்த நாளில் எங்கே இருக்க வேண்டும் என்று அதுவே முடிவு செய்யும். அதுவே போன் போட்டுப் பேசும், கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லும். முதல் மூன்று மாதம் யாரோ ஒரு பெண்ணின் சென்னைக் குரலில் பேசியது. பாதிப் பேர் பேச்சு முடியுமுன் வைத்துவிட்டார்கள். தலைமை மருத்துவர் ஆவுடைநாயகம் அமலோற்பவத்தைக் கூப்பிட்டனுப்பினார். அவளைவிடப் பத்து வயது இளையவர்.

“சிஸ்டர், உங்க பழைய கால் எல்லாம் ரெக்கார்டுல இருக்கு. ஏழு வருஷத்துப் பேச்சு. அதைக் குடுத்தா உங்கள மாதிரியே பேசக் கத்துக்கிடும்னு சொல்லுதாங்க. நீங்க ஒரு நாளைக்கு எத்தனை பேர்ட்ட பேசுவிய? முப்பது? அது ஆறாயிரம் பேர்ட்ட பேசும்.”

அன்றே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். சந்தோஷமாகத்தான் போட்டாள். ஆரம்பத்தில் ஒவ்வோர் அழைப்பும் ‘இது தானியங்கிக் குரல்’ என்ற அறிவிப்போடு தொடங்கியது. அதைக் கேட்டவுடனே ஜனங்கள் போனை வைத்ததால், அறிவிப்பு அழைப்பிலிருந்து இறங்கி, நிலையத்தில் சேரும்போது கைநாட்டு வாங்குகிற படிவத்தின் பின்பக்கத்துக்குப் போய்விட்டது. அதுவும் அவளுக்குத் தெரியும்.

சிகிச்சையைத் தொடங்கியவர்களில் நூற்றுக்கு ஐம்பத்தெட்டுப் பேர் முடித்த இடத்தில் இப்போது தொண்ணூற்றாறு பேர் முடித்தார்கள். வெளிமாநிலத்திலிருந்தெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

மழை தொடங்கி உப்பளத்தில் வேலை நின்றிருந்த ஒரு புதன்கிழமை, பேச்சித்தாய் என்ற பெண் அமலோற்பவத்தைத் தேடிக்கொண்டு நிலையத்துக்கே வந்தாள். தருவைபுரத்துக்காரி. நாற்பத்தாறு வயது. உப்பு வாரி வாரிக் கால் பாதம் வெடித்து வெள்ளையாக இருந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு, சுவரோரமாக நின்றபடியே பேசினாள்.

“அக்கா, கோவப்படாதிய. நீங்க சொன்ன மாத்திரையத்தான் திங்கேன். ஆனா மறுபடியும் ரத்தம் படுது. இந்தத் தடவை கட்டி கட்டியாப் படுது. கரண்டு வைக்க வேண்டாம்னு நீங்கதான சொன்னிய?”

“நானா?”

“நீங்கதான். சித்திரையில. நா வரட்டுமான்னு கேட்டேன். வீட்டுக்காரரு கெடையில கெடக்காருல்லா, நீ வந்துட்டா யாரு பாப்பான்னு கேட்டிய. சரி, அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்.”

அது நானில்லை என்று சொல்ல அமலோற்பவம் வாயைத் திறந்தாள். அதற்குள் பேச்சித்தாய்க்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. அவளைத் தாங்கிப்பிடித்துப் படுக்கவைத்து, ரத்தம் ஏற்ற ஏற்பாடு செய்து, அதிலேயே மத்தியானம் ஓடிவிட்டது.

பிறகு பதிவறைக்குப் போய்ப் பேச்சித்தாயின் கோப்பைத் திறந்து பார்த்தாள். கர்ப்பப்பை வாய்ப் புற்று. சித்திரையில் பதிந்தபோது இரண்டாம் கட்டம். இருபத்தைந்து நாள் கதிர்வீச்சும் வாரம் ஓர் ஊசியும் கொடுத்திருந்தால் பத்துக்கு ஆறேழு பேர் பிழைக்கிற நிலை. அதற்குக் கீழே, ‘விளக்கமளித்த பின் நோயாளி கதிர்வீச்சை மறுத்தார். ஆதரவு சிகிச்சை மட்டும்’ என்று இருந்தது. ஆவுடைநாயகத்தின் கையெழுத்தும் இருந்தது.

அந்த அழைப்பைப் போட்டுக் கேட்டாள். அவள் குரல் மெதுவாக, பிரியமாகப் பேசியது.

“இருவத்தஞ்சு நாளு, பேச்சித்தாய். ஒரு நாளும் விடக்கூடாது. காலையில ஏறுனா பொழுதடையதான் வீட்டுக்கு வருவிய. ஒங்க வீட்டுக்காரருக்கு எத்தன மணிக்குக் கஞ்சி குடுப்பிய?”

“பத்து மணிக்கு, அக்கா. அவரைப் பெரட்டிப் படுக்கப்போடணும். இல்லன்னா முதுகு புண்ணாயிரும்.”

“அத யாரு பாத்துக்கிடுவா?”

போனில் காற்று வீசும் சத்தம் கேட்டது.

“ஆளில்லக்கா.”

“பாதியில விட்டா செஞ்சதும் வீணாப்போயிரும். நல்லா யோசிச்சுப் பாருங்க. முடிவு ஒங்களுதுதான்.”

“அப்பம் வேண்டாம்க்கா.”

“சரி. எழுதிக்கிடுதேன்.”

அதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. அதே மாதத்தில் அதே கட்டத்தில் பதிந்த இன்னொருத்தியின் அழைப்பைத் தேடி எடுத்தாள். டவுனில் குடியிருக்கிற வாத்தியார் சம்சாரம். அவளிடம் அதே குரல், “இருவத்தஞ்சே நாளு. கண்ண மூடித் தெறக்கதுக்குள்ள ஓடிரும். வேன் ஒங்க தெருவுக்கே வரும்” என்று சொல்லியிருந்தது. வீட்டில் யார் பார்ப்பார்கள் என்று கேட்கவே இல்லை.

ஆவுடைநாயகம் இரண்டையும் கேட்டார். மேஜை மேலிருந்த பேனாவை எடுத்து மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

“இதுக்கு யாரு சொல்லிக்குடுத்தா டாக்டர்?”

“யாரும் சொல்லிக்குடுக்கல. தொடங்கினவங்க எல்லாரும் முடிக்கணும்னு சொன்னோம். அத மட்டுந்தான் சொன்னோம். முடிக்க மாட்டாங்கன்னு அதுக்குத் தோணுறவங்கள தொடங்கவிடாமப் பாத்துக்கிட்டிருக்கு.”

“தொண்ணூத்தாறுன்னு சொல்லுதோமே...”

“வேண்டாம்னு சொன்னவங்க அதுல வர மாட்டாங்க, சிஸ்டர்.”

“நீங்க கையெழுத்துப் போட்டிருக்கிய.”

“ஒரு நாளைக்கு நாப்பது போடுதேன். நோயாளியே வேண்டாம்னு சொன்னதா இருக்கு. நான் என்னத்தப் படிக்க?” என்றவர், பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “படிச்சிருக்கணும்” என்றார்.

மென்பொருளைச் செய்த கம்பெனியிடமிருந்து ஒரு வாரத்தில் விளக்கம் வந்தது. ஆவுடைநாயகம் அதை வாசித்துவிட்டு, அவளிடம் கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

“என்ன எழுதியிருக்காங்க?”

“எப்படிக் கேட்டா ஒருத்தர் தானா வேண்டாம்னு சொல்லுவார்ங்கிறத, அந்தக் கேள்வி வரிசைய, அது புதுசாக் கண்டுபிடிக்கலயாம். பாடத்துலயே இருந்துச்சாம்.”

“எந்தப் பாடம்?”

“உங்க கால்தான் சிஸ்டர்.”

அவள் நம்பவில்லை. தன் பழைய அழைப்புகளை மூன்று நாள் உட்கார்ந்து கேட்டாள். முதல் நாளில் ஒன்றுமில்லை; சண்டை போட்டிருக்கிறாள், கெஞ்சியிருக்கிறாள், ஒரு குடிகார மகனை வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கிறாள். இரண்டாம் நாள் சாயங்காலம், ஐந்து வருடத்துக்கு முந்திய ஓர் அழைப்பு ஓடியது. வலை பின்னுகிறவர். உணவுக்குழாயில் புற்று. மனைவிக்குக் கண் தெரியாது. தன் குரல் கேட்பதை அவள் கேட்டாள்: “அவங்கள யாரு பாத்துக்கிடுவா?” பிறகு ஒரு மௌனம். அந்த மௌனம் அவளுக்கு ஞாபகம் வந்தது. அவர் பதில் சொல்லக் காத்திருந்த மௌனமில்லை அது. அன்று வார்டில் ஒரு கட்டில்தான் இருந்தது. இவர் பாதியில் ஓடிவிடுவார், முடிக்கிறவருக்குக் கொடுக்கலாம் என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டு, அதை அவர் வாயால் வரவழைக்கக் காத்திருந்தாள். அவர் வேண்டாமென்றார். நோட்டில் ‘விருப்பமில்லை’ என்று எழுதினாள். அன்று அதை இரக்கம் என்றுதான் நினைத்திருந்தாள்.

மூன்றாம் நாள் முடிவில் அப்படி முப்பத்தொரு பேர். ஏழு வருடத்தில் முப்பத்தொரு பேர். துணை இரண்டு வருடத்தில் நூற்று நாற்பத்து மூன்று பேரிடம் அதைச் செய்திருந்தது.

“என் குரல எடுத்திருங்க” என்றாள் ஆவுடைநாயகத்திடம்.

“எடுத்தா பழையபடி பத்துக்கு நாலு பேர் போயிருவாங்க. அதையும் நீங்கதான் பாத்திருக்கிய. நான் எடுக்கணுமா? சொல்லுங்க, எடுத்துருதேன்.”

அவள் கந்தையாவை நினைத்துக்கொண்டாள். வேண்டாமென்று சொன்னவர்களின் பட்டியலை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

நூற்று நாற்பத்து மூன்று பேரில் ஐம்பத்திரண்டு பேர் இறந்திருந்தார்கள். மிச்சமிருந்தவர்களில் இனிமேல் கதிர்வீச்சு வைத்துப் பிரயோசனப்படக்கூடியவர்கள் பதினொரு பேர் என்று மருத்துவர்கள் கணித்தார்கள். இயந்திரத்தைக் காலையில் ஒரு மணி நேரம் முன்னதாகவே ஓட்டி அவர்களுக்கு இடம் உண்டாக்கினார் ஆவுடைநாயகம். பதினொரு பேருக்கும் அமலோற்பவம் தானே போன் செய்தாள். “நேத்துதான வேண்டாம்னு பேசி முடிச்சோம், இன்னைக்கி என்ன மாத்திச் சொல்லுதிய?” என்று ஒருவர் எரிந்து விழுந்தார். ஏழு பேர் வந்தார்கள். பேச்சித்தாய் அதில் ஒருத்தி. நோய் நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவிவிட்டிருந்தது. பத்துக்கு ஆறேழு என்பது இப்போது பத்துக்கு இரண்டு.

பேச்சித்தாயின் மகள் முப்பிடாதி திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தாள். அவள் நம்பரே கோப்பில் இல்லை. அமலோற்பவம் பக்கத்து வீட்டில் விசாரித்து வாங்கிக் கூப்பிட்டதும், மறுநாளே வந்து இறங்கினாள்.

“அப்பாவ நா பாத்துக்கிடுதேன். சித்திரையிலயே ஒரு வார்த்த சொல்லியிருந்தா அப்பமே வந்திருப்பேனேக்கா. ஏன் ஒருத்தரும் எங்கிட்ட கேக்கல?”

“அம்மாவுக்கு ஒங்களத் தொந்தரவு பண்ண மனசில்லாம இருந்திருக்கும்” என்றாள் அமலோற்பவம். அதைச் சொன்னதற்காக அன்று முழுக்கத் தன்னையே வெறுத்தாள்.

தினமும் தருவைபுரத்திலிருந்து வந்து போகிற தெம்பு பேச்சித்தாய்க்கு இல்லை. அமலோற்பவம் அவளைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டாள். ஐந்து வாரம். காலையில் இருவரும் சேர்ந்து நிலையத்துக்கு நடப்பார்கள். சாயங்காலம் பேச்சித்தாய் முற்றத்தில் உட்கார்ந்து, வாந்திக்கு நடுவே, உப்பளத்துக் கதைகள் சொல்வாள். அவளுக்குக் காரம் ஆகவில்லை, தயிர்சோறும் ஒத்துக்கொள்ளவில்லை, அவித்த மரவள்ளிக்கிழங்கு மட்டும் இறங்கியது. ஊசி போட்ட நாட்களில் அமலோற்பவத்தின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் கக்கூசுக்குப் போவாள்.

சொல்லிவிட வேண்டும் என்று அமலோற்பவம் ஒவ்வொரு நாளும் நினைத்தாள். எதைச் சொல்வது? ‘சித்திரையில் பேசியது நானில்லை, மெஷின்’ என்றால் அது உண்மை. ஆனால் அந்த முப்பத்தொரு பேரைக் கேட்ட பிறகு அதை உண்மையென்று சொல்ல நாக்கு எழவில்லை. ‘நான்தான்’ என்பதற்குத் தைரியமில்லை. பேச்சித்தாயும் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை. மறந்துவிட்டாள் போல என்று அமலோற்பவம் ஆறுதல்பட்டுக்கொண்டாள்.

பேச்சித்தாய் இருபத்தைந்து நாளும் முடித்தாள். ஒரு நாள்கூட விடவில்லை. முடிக்க மாட்டாள் என்று துணை போட்டிருந்த கணிப்பு தப்பாகப் போனது.

அதற்குப் பின் ஆவுடைநாயகம் மேலிடத்துக்கு எழுதி, வேண்டாமென்று சொன்னவர்களையும் சேர்த்து எண்ண வைத்தார். தொண்ணூற்றாறு எழுபத்தெட்டாக இறங்கியது. சேவை ஏன் கெட்டுப்போயிற்று என்று விளக்கம் கேட்டு ஓலை வந்தது. விளக்கம் எழுதினார். திரும்பவும் கேட்டார்கள். மூன்றாம் மாதம் பழையபடியே எண்ணச் சொல்லி உத்தரவு வந்தது. பேச்சித்தாய் அந்தத் தொண்ணூற்றாறுக்குள் இருந்தாள். தொடங்கியவள், முடித்தவள்.

ஆனி மாதம் நோய் ஈரலுக்குப் போய்விட்டது. அமலோற்பவம் ஒருமுறை தருவைபுரத்துக்குப் போனாள். மறுமுறை போக நினைத்துப் போகவில்லை. ஆவணியில் பேச்சித்தாய் இறந்துபோனாள். அன்றைக்கு அமலோற்பவத்துக்கு வார்டில் வேலை இருந்தது. விட்டுவிட்டுப் போயிருக்கலாம் என்பதும் அவளுக்குத் தெரியும்.

பதினாறாம் நாள் கழிந்து முப்பிடாதி நிலையத்துக்கு வந்தாள். கேன்டீன் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அமலோற்பவம் டீ வாங்கிக் கொடுத்தாள். எப்படியாவது இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று இருந்தாள்.

“முப்பிடாதி, ஒங்க அம்மாகிட்ட நா ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன். சித்திரையில அவங்ககிட்ட போன்ல பேசுனது...”

“மிஷினுதான. அம்மாவுக்குத் தெரியுமே.”

“எப்பம் தெரிஞ்சுது?” என்று கேட்டாள் அமலோற்பவம்.

“ஒங்க வீட்டுல இருக்கயிலயே தெரியும்க்கா. நீங்க அடுப்படியில நின்னு கெழங்கு உரிச்சுக்கிட்டிருந்தியளாம். போன் அடிச்சிருக்கு. எடுத்தா நீங்களே பேசுதிய. கெழங்கு தின்னியளான்னு கேக்குதிய. அம்மா பயந்துட்டாளாம்.”

பேச்சித்தாய் தன் வீட்டில் இருக்கும்வரை துணை கூப்பிட வேண்டாமென்று அமலோற்பவம் எழுதிக் கொடுத்திருந்தாள். துணை அழைப்பதை நிறுத்தவில்லை, கோப்பில் அவள் எழுதிவைத்த சாப்பாட்டுக் குறிப்பைப் பார்த்துக்கூடப் பேசியிருக்கிறது என்று இப்போதுதான் தெரிந்தது.

“எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கலியே.”

“நீங்களாச் சொல்லுவியன்னு பாத்துக்கிட்டு இருந்தா. அஞ்சு வாரமும் பாத்தா. பொறவு ஊருக்கு வந்து மிஷினுகிட்டயே கேட்டுட்டா, என்னைய ஏன் அன்னைக்கி வரவிடலன்னு. நா பக்கத்துலதான் இருந்தேன்.”

“என்ன சொல்லிச்சு?”

“ஒங்களால முடியாதுன்னு நானே முடிவு பண்ணிட்டேன், ஒங்கள கேக்காம முடிவு பண்ணுனது தப்பு, மன்னிச்சிருங்க அப்படின்னுச்சு. ஒங்க கொரல்தான். அழுத மாதிரிகூட இருந்துச்சு. அம்மா, சரி விடு, மன்னிச்சாச்சுன்னா.”

கேன்டீன் ஆள் வந்து தம்ளர்களை எடுத்துக்கொண்டு போனான்.

“என்னையப் பத்தி எதுவும் சொன்னாங்களா?” என்று கேட்டாள் அமலோற்பவம்.

முப்பிடாதி யோசித்துப் பார்த்தாள். “இல்லக்கா” என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. பையிலிருந்து அம்மாவின் போனை எடுத்து மேஜைமேல் வைத்தாள். “நா வந்தது இதுக்குத்தான். லீவு முடிஞ்சிட்டு, நாளைக்கித் திருப்பூர் போகணும். அம்மா செத்த பொறவும் அது தெனம் காலையில கூப்பிடுது. அப்பா எடுத்து பேசுதாரு. பத்து மணிக்குக் கஞ்சி குடிச்சியளா, பெரட்டிப் போட்டாங்களான்னு கேக்குது. பக்கத்து வீட்டு ஆச்சி வந்து பாத்துக்கிடுதேன்னு சொல்லியிருக்காவ. ஆனா அப்பாகூட உக்காந்து பேச ஆள் கெடையாது. ஆள் செத்துப்போச்சுன்னு எழுதி அத நிறுத்திருவாங்களோன்னு பயமா இருக்கு. நிறுத்தாமப் பாத்துக்கிடுதியளா?”

“நா ஞாயித்துக்கிழமதோறும் வந்து அப்பாவப் பாக்குதேன், முப்பிடாதி. நானே வந்து...”

“வேண்டாம்க்கா” என்றாள் முப்பிடாதி. “நேர்ல பாத்தா அவருக்குக் கொழம்பிரும். அது மட்டும் பேசட்டும்.”

போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்தாள். அமலோற்பவம் பதிவறைக்குப் போய்ப் பேச்சித்தாயின் கோப்பைத் திறந்தாள். ‘அழைப்புகளைத் தொடரவும்’ என்று எழுதி, அடியில் தன் பெயரைப் போட்டாள்.